இரண்டு பெட்டிகளும் ஒரு ஜமக்காளமும்

தீபாவளிச் சமயத்தில் கையில் கொஞ்சம் பணம் மிஞ்சினால் மனிதனுக்கு விபரீதமான ஆசைகள் தோன்றுவது சகஜம். நமக்கு 2022ஆம் வருஷத் தீபாவளிக்குத் தோன்றிய ஆசை, வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சங்கீதம் கேட்பதற்கு ஒரு நல்ல யந்திரம் வாங்க வேண்டும் என்பது. ஆசையில் பிசகு ஒன்றும் இல்லை. வாங்கின விதத்திலேதான் பிசகு நேர்ந்தது.

கடைக்காரர் மிகவும் நல்ல மனிதர். காப்பிகூட வரவழைத்துக் கொடுத்தார். உள்ளங்கை அகலத்தில் ஐந்து சிறு பெட்டிகளும், நெல் அளக்கும் மரக்கால் போன்ற பெரிய பெட்டி ஒன்றும் சேர்ந்த 'ஹோம் தியேட்டர்' என்னும் சாதனத்தைக் காட்டி, "ஸார், தரை அதிரும்!" என்றார். சொன்னபடியே அதிர்ந்தது. நம் நெஞ்சும் அதிர்ந்தது. அந்த அதிர்ச்சியில் 18,000 ரூபாயை எண்ணி வைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தோம். பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகப் பௌதிகம் போதிக்கிறோம் என்பதோ, 'ஒலி' என்னும் அத்தியாயத்தை வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதி அழிக்கிறோம் என்பதோ அந்த நேரத்தில் நம் நினைவுக்கு வரவேயில்லை.

வீட்டில் நம் தகப்பனார் இருக்கிறார். எண்பது வயது கடந்தவர். தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கீதம் பாடத் தெரியாது, கேட்கத் தெரியும். அவருக்காகத்தான் இந்த ஏற்பாடெல்லாம். மதுரை மணி ஐயருடைய பழைய கச்சேரி ஒன்றைப் போட்டு, அவருடைய சாய்வு நாற்காலியையும் நடுக்கூடத்தில் போட்டோம். பத்து நிமிஷம் மௌனமாகக் கேட்டார். பிறகு மெதுவாக, "ஏனப்பா, பாடுகிறவர் எதற்காக மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கிறார்?" என்று கேட்டார்.

நாம் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. எழுந்து தம் அறைக்குப் போய்ப் பழைய டிரான்ஸிஸ்டர் ரேடியோவைத் திருகினார். அன்றைக்குப் பிறகு கூடத்தில் சங்கீதம் என்பது நின்றுபோயிற்று. பெண் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு ஏதோ கேட்பாள். அவள் தாயார் சமையலறையில் கைபேசியை டப்பாவின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்பாள். தகப்பனார் ரேடியோ, நாம் செய்தித்தாள். ஒரு வீட்டில் நாலு பேர், நாலு கச்சேரி! பதினெண்ணாயிரம் ரூபாய்ப் பெட்டிகள் கிரிக்கெட் பந்தயத்துக்கு மட்டும் உபயோகப்பட்டன.

தகப்பனாருடைய கேள்வியில் பௌதிக சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருந்தது என்பது நமக்கு ஒன்றரை வருஷம் கழித்துத்தான் புரிந்தது. அதைத்தான் இங்கே விஸ்தரித்துச் சொல்ல விரும்புகிறோம். நம்மைப் போன்ற வருவாயுடைய குடும்பத்தார் யாராவது இப்படி ஒரு சாதனம் வாங்க நினைத்தால், நாம் கொடுத்த கட்டணத்தை அவர்களும் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை அல்லவா?

பாடகர் மேஜைக்கு அடியில் போன காரணம்

கர்நாடக சங்கீதம் பாடும் ஆண் வித்துவான்கள் பலர் ஒரு கட்டையிலோ அதற்குச் சற்று மேலேயோ ஸ்ருதி வைத்துக்கொள்கிறார்கள். ஒரு கட்டை என்றால் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் வினாடிக்குச் சுமார் 130 அதிர்வுகள். அங்கிருந்து கீழே இறங்கி மந்தர பஞ்சமத்தைத் தொட்டால் 98. பெண்மணிகள் பலருக்கு ஐந்து கட்டை. அவர்களுடைய ஷட்ஜம் 196. மிருதங்கத்தில் வலந்தலை ஷட்ஜத்தில் பேசும். தொப்பி அதற்கும் வெகு கீழே முழங்கும்.

நாம் வாங்கின சிறு பெட்டிகளில் இருந்த ஸ்பீக்கர் இரண்டரை அங்குல அகலம். அவ்வளவு சிறிய காகிதக் கூம்பு வினாடிக்கு 200 அதிர்வுக்குக் கீழே உருப்படியாகப் பேச இயலாது. காற்றை வேண்டிய அளவு தள்ளுவதற்கு அதற்குச் சக்தி போதாது. ஆகவே சாதனத்தைச் செய்தவர்கள் அந்த எல்லைக்குக் கீழ்ப்பட்டதையெல்லாம் பெரிய பெட்டிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதன் விளைவு என்ன? வித்துவானுடைய ஷட்ஜத்தின் ஆதார ஒலி மேஜைக்கு அடியிலுள்ள பெட்டியிலிருந்து வருகிறது. அதே ஷட்ஜத்தின் மேல் ஒலிகளும், சாகித்தியத்தின் மெய்யெழுத்துக்களும் சுவரில் மாட்டிய பெட்டிகளிலிருந்து வருகின்றன. மனிதரை இடுப்புக்கு மேலே, இடுப்புக்குக் கீழே என்று இரண்டாக வெட்டி, ஒரு பாதியைச் சுவரில் மாட்டி, மற்றப் பாதியைத் தரையில் உட்கார வைத்த மாதிரிதான். இதைத்தான் பெரியவர் ஒரே வாக்கியத்தில் கேட்டார்.

பெரிய பெட்டி என்பதே மோசம் என்று நாம் சொல்லவில்லை. வினாடிக்கு 80 அதிர்வுக்குக் கீழே போனால், ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறதென்பது காதுக்குச் சரியாகத் தெரியாது. உயர்ந்த சாதனங்களில் அந்த இடத்திலேதான் பிரிப்பார்கள். அப்போது பெட்டி எந்த மூலையில் இருந்தாலும் குற்றம் இல்லை. சினிமாவில் வெடி வெடிப்பதற்கும் இடி இடிப்பதற்கும் அது வேண்டியதே. ஆனால் நம் சங்கீதத்தில் அந்தப் பாதாள லோகத்தில் வசிப்பவர்கள் மிகச் சிலர். தம்பூராவும் குரலும் வயலினும் வீணையும் நாகஸ்வரமும் பெரும்பாலும் அதற்கு மேலே குடியிருக்கின்றன. மலிவான சாதனத்தில் இடிக்கும் வெடிக்கும் செலவழிக்கிற பணம், குரலிலிருந்து திருடிய பணம் என்றே சொல்ல வேண்டும்.

ஆகையால் கொஞ்சப் பணத்தில் பாட்டுக் கேட்க விரும்புகிறவர் ஆறு பெட்டிகள் வாங்க வேண்டாம், மூன்றும் வேண்டாம். இரண்டே போதும். ஒவ்வொன்றிலும் ஐந்து அங்குலத்துக்குக் குறையாத வூஃபர் ஒன்றும், உச்ச ஒலிகளுக்கென்று ட்வீட்டர் ஒன்றும் இருக்க வேண்டும். புத்தக அலமாரியில் அடங்கக்கூடிய பெட்டிகள் என்று இவற்றை விற்கிறார்கள். இந்த அளவுள்ள பெட்டி வினாடிக்கு 60, 70 அதிர்வு வரையில் யோக்கியமாக இறங்கிவிடும்.

இரண்டு எதற்கு?

ஒன்று போதாதா என்று சிக்கனக்காரர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி.

லண்டனில் ஈ.எம்.ஐ. கம்பெனியில் ஆலன் புளூம்லைன் என்ற எஞ்சினீயர் இருந்தார். அவர் மனைவியுடன் சினிமாவுக்குப் போயிருந்தபோது, திரையில் நடிகர் ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கம் நடந்து போகையில் குரல் மட்டும் ஓரிடத்திலேயே நிற்பதைக் கண்டு, "இதை மாற்ற வழி கண்டிருக்கிறேன்" என்று சொன்னதாக ஒரு கதை வழங்கி வருகிறது. கதை எப்படியாயினும், 1931 டிசம்பரில் அவர் மனுச் செய்த காப்புரிமை உண்மை. மனிதனுக்குக் காது இரண்டு; வலப்பக்கத்தில் எழும் ஓசை வலக் காதுக்கு முதலிலும் இடக் காதுக்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் கழித்தும் வந்து சேருகிறது. அந்த அற்ப வித்தியாசத்தைக் கொண்டே மூளை திசையை நிதானிக்கிறது. இதை ஆதாரமாக வைத்து, ஒரே இசைத்தட்டின் பள்ளத்தில் இரண்டு தடங்களை வெட்டும் முறையையும் புளூம்லைன் கண்டார். 1934இல் லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் தாமஸ் பீச்சம் நடத்திய வாத்தியக் கோஷ்டியை அந்த முறையில் பதிவும் செய்தார். யுத்த காலத்தில், 1942இல், ராடார் பரீட்சை செய்துகொண்டிருந்த விமானம் விழுந்து உயிர் துறந்தார். வயது முப்பத்தெட்டு. அவர் கண்ட முறையில் ஸ்டீரியோ இசைத்தட்டுக்கள் கடைக்கு வந்தது 1958இல்தான்.

இதில் நம்மவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நாம் போற்றும் பழைய வித்துவான்களில் பலர் ஸ்டீரியோ நம் நாட்டில் பரவுவதற்கு முன்பே காலமானவர்கள். ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார், ஜி.என்.பி. 1965இல், அரியக்குடி 1967இல், மணி ஐயர் 1968இல். அவர்களுடைய பதிவுகளும் பழைய ரேடியோக் கச்சேரிகளும் ஒற்றைத் தடத்தில் உள்ளவை. அப்படியானால் இரண்டு பெட்டி எதற்கு?

நாமும் அப்படித்தான் நினைத்தோம். கேட்டுப் பார்த்த பிறகு எண்ணத்தை மாற்றிக்கொண்டோம். ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகளிலிருந்து ஒரே ஒலி ஒரே நேரத்தில் வந்து, கேட்பவர் நடுவில் உட்கார்ந்திருந்தால், குரல் எந்தப் பெட்டியிலிருந்தும் வருவதாகத் தோன்றாது. இரண்டுக்கும் நடுவே, வெறும் வெளியில், ஓர் ஆள் உட்கார்ந்து பாடுவது போல் தோன்றும். பெட்டியும் மறந்து போகும். யந்திரமும் மறந்து போகும். ஒற்றைத் தடப் பதிவுக்கும் இந்த மாயம் பலிக்கிறது. புதிய பதிவுகளிலோ, வயலின் ஒரு பக்கமும் மிருதங்கம் மற்றொரு பக்கமும் மேடையிலே போலவே பிரிந்து நிற்கும்.

வாட் என்னும் பூச்சாண்டி

சாதனத்தை வாங்கப் போகிறவரைக் கடைகளில் மிரட்டுவது வாட் கணக்கு. 1990களில் பெட்டிகளின்மேல் பி.எம்.பி.ஓ. என்று போட்டு ஆயிரம், இரண்டாயிரம் என்று எழுதியிருந்ததை வாசகர்களில் பலர் பார்த்திருப்பார்கள். அந்த எண்ணுக்கு அளவுகோல் கிடையாது. தச்சன் முழம் ஒன்று, துணிக்கடை முழம் ஒன்று என்பது போல ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. விடாமல் எவ்வளவு நேரமும் கொடுக்கக்கூடிய சக்தியைக் குறிப்பது ஆர்.எம்.எஸ். என்னும் அளவு. அதை மட்டும் கேட்க வேண்டும்.

அதிலும் எவ்வளவு வேண்டும்? ஸ்பீக்கருடன் வரும் காகிதத்தில், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் இத்தனை டெசிபெல் என்று குறித்திருப்பார்கள். சாதாரணப் பெட்டிக்கு 86 என்று வைத்துக்கொள்வோம். நாம் இரண்டரை மீட்டர் தூரத்தில் உட்காருகிறோம். அங்கே வருவதற்குள் ஏழெட்டு டெசிபெல் குறையும். மிச்சம் 78. வீட்டில் பக்கத்துப் பேச்சு தெளிவாகக் காதில் விழுகிற சத்தம் 60. கச்சேரியை நிறைவாகக் கேட்பதற்கு 70 அல்லது 75 போதும். ஆகவே, நாம் பெரும்பாலும் செலவழிப்பது ஒரு வாட்டுக்கும் குறைவு! தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் அடி திடீரென்று பத்து டெசிபெல் எழும்பும். அதற்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும். ஆகப் பக்கத்துக்கு 20 அல்லது 30 வாட் நேர்மையான ஆம்ப்ளிபையர் ஒரு நடுத்தரக் கூடத்துக்குத் தாராளம். வாட்டை இரட்டித்தால் சத்தம் இரட்டிக்காது. மூன்று டெசிபெல்தான் கூடும். அந்த மூன்றுக்காகப் பணத்தை இரட்டிப்பது புத்திசாலித்தனம் அல்ல.

ஆம்ப்ளிபையரை உள்ளேயே அடக்கிய ஜோடிப் பெட்டிகளும் கிடைக்கின்றன. கம்பிகளுடன் மல்லுக்கட்ட விருப்பம் இல்லாதவர்களுக்கு அவை உத்தமம்; மலிவும்கூட. தனித்தனியாக வாங்கினால் ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் மாற்றலாம். நாம் தனித்தனியாகத்தான் வாங்கினோம். அதற்குக் காரணம் யோசனை பாதி, வாத்தியாருக்கே உரிய பிடிவாதம் பாதி.

கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. பாம்புச் சட்டை போல் மினுமினுக்கும் கம்பிகளை ஆயிரக் கணக்கில் விலை சொல்லி விற்கிறார்கள். பத்தடி தூரத்துக்கு மின்சாரச் சாமான் கடையில் கிடைக்கும் ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போதும். மிச்சப்படும் பணத்தைப் பெட்டியில் போடுங்கள்.

கடையில் எப்படிக் கேட்பது?

1933இல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் மனிதக் காதை ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டார்கள். சத்தம் குறையக் குறைய, நம் காது கீழ் ஒலிகளையே முதலில் இழக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் எல்லாம் நிறைந்து கேட்கும். ஆகவே, எந்தப் பெட்டியைச் சற்று உரக்கப் போட்டுக் காட்டுகிறார்களோ அந்தப் பெட்டியே உயர்ந்ததாகத் தோன்றும். கடைக்காரர் எந்தப் பெட்டியை விற்க விரும்புகிறாரோ அதை உரக்க வைப்பார். இதற்கு அவர் பெல் ஆராய்ச்சிச் சாலைக்குப் போக வேண்டியதில்லை. ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள்.

கடையில் போட்டுக் காட்டும் பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். உங்களுக்கு நெட்டுருவாகத் தெரிந்த பாட்டைக் கொண்டு போங்கள். முதலில் வெறும் தம்பூராவைப் போடச் சொல்லுங்கள். அதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது. தம்பூராவின் குதிரைமேல் நூலை வைத்து ஜீவாளி சேர்த்தவுடன் தந்தி உயிர் பெற்று ரீங்காரம் செய்கிறதல்லவா? மீட்டும் இடத்தைப் பொறுத்துச் சில மேல் ஒலிகள் எழவே கூடாது என்று ஐரோப்பிய சாஸ்திரம் சொல்லிற்று. நம் வீணையிலும் தம்பூராவிலும் குதிரையின் வளைவினால் அவையும் எழுகின்றன என்று 1921இல் எழுதிக் காட்டியவர் ஸர் ஸி.வி. ராமன். அந்த மேல் ஒலிகளின் கூட்டந்தான் தம்பூரா. மட்டமான பெட்டியில் அது ஈ மொய்ப்பது போல் கேட்கும். நல்ல பெட்டியில் ஒரு தந்திக்குப் பின் ஒரு தந்தியாக நாலும் தனித் தனியே கேட்கும்.

அடுத்தாற்போல் மிருதங்கம். அதன் தோலில் பூசிய கறுப்புக் கரணையினால்தான் அது வெறும் சத்தமாக இல்லாமல் ஸ்வரமாகப் பேசுகிறது என்பதையும் ராமன் 1920லேயே விளக்கினார். தொப்பியில் விழும் அடி 'தொம்' என்று எழுந்து உடனே அடங்க வேண்டும். 'தொம்ம்ம்' என்று இழுத்தால் அது மிருதங்கம் பேசுவதல்ல, பெட்டி பேசுகிறது. பெட்டியின் பக்கப் பலகையை விரல் கணுவினால் தட்டிப் பாருங்கள். சந்தையில் பானை வாங்கும்போது கணீரென்று கேட்டால் நல்ல பானை. இங்கே நேர் விரோதம். கணீரென்று கேட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பொத்தென்று ஊமையாக இருக்க வேண்டும்.

கடைசியாகப் பேச்சு. யாராவது தமிழ்ச் செய்தி வாசிக்கட்டும். முக்கியமாக வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு இது அவசியம். வயதாக ஆகக் காதில் முதலில் மங்குவது உச்ச ஒலிகள். 'ச'வும் 'ப'வும் 'த'வும் தடுமாறும். சத்தத்தைக் கூட்டுவதனால் அது தீராது, தெளிவு வேண்டும். பெரியவர்களையே கடைக்கு அழைத்துப் போவது இன்னும் விசேஷம். இதை நாம் 2022இல் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திராது.

பழைய சாமான் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்பீக்கர்க் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு சிலவற்றில் ரப்பர், சிலவற்றில் பஞ்சு போன்ற ஃபோம். ஃபோம் பதினைந்து இருபது வருஷத்தில், அதிலும் கடலோர ஊர்களின் ஈரக் காற்றில், பழைய அப்பளம் போல் பொடிந்துவிடும். வெளியே வலைத்துணி மூடியிருப்பதால் தெரியாது. கழற்றிப் பார்க்க வேண்டும். தாத்தா காலத்து 78 சுழற்சி இசைத்தட்டுக்களைப் போட விரும்புகிறவர்களும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவற்றின் பள்ளம் பிற்காலத்து நீண்ட இசைத்தட்டின் பள்ளத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம்; அதற்கென்று தனி ஊசி உண்டு. சாதாரண ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் புழுதியை உழுதுகொண்டு போகும்.

வீட்டுக்கு வந்த பிறகு

2024ஆம் வருஷக் கோடை விடுமுறையில் இரண்டு பெட்டிகள் 11,000 ரூபாய்க்கும், ஆம்ப்ளிபையர் ஒன்று 4,500 ரூபாய்க்கும், கம்பி 200 ரூபாய்க்கும் வாங்கினோம். அந்த ஹோம் தியேட்டரைவிட மொத்தத்தில் குறைவு. மிகுந்த நம்பிக்கையுடன் பூட்டினோம். தகப்பனாரை அழைத்து உட்கார வைத்துப் பாட்டைப் போட்டோம்.

வித்துவானைக் காணவில்லை. குரல் இங்கும் இல்லை, அங்கும் இல்லை. அறை முழுவதும் புகை போல் பரவியிருந்தது. மிருதங்கத்தின் தொப்பி எங்கேயோ போய்விட்டது. பெரியவர், "இப்போது மேஜைக்கு அடியிலும் இல்லையே!" என்றார்.

ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டோம். பெண் வந்து பின்புறத்தை எட்டிப் பார்த்து, "அப்பா, இந்தப் பெட்டியில் சிவப்புக்குச் சிவப்பு, அந்தப் பெட்டியில் சிவப்புக்குக் கறுப்பு" என்றாள். பௌதிக ஆசிரியருடைய வீட்டில் நடந்த காரியம்! ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுக்கிறது. ஒன்றின் அலையை மற்றொன்று விழுங்கிவிடுகிறது. கீழ் ஒலிகளே முதலில் பலியாகும். கம்பியை மாற்றிப் பூட்டினவுடன் குரல் நடுவே வந்து நின்றது. வாசகர்களும் முதல் நாளே இதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஒற்றைத் தடப் பாட்டு ஒன்றைப் போட்டால் தெரிந்துவிடும்.

குரல் வந்ததே தவிரக் கூடம் ஒத்துழைக்கவில்லை. நம் கூடம் 14 அடிக்கு 11 அடி. மொஸைக் தரை, சுண்ணாம்புச் சுவர். நடுவில் நின்று கையைத் தட்டினால் 'ட்ரிங்' என்று ஒரு வால் ஒலி வரும். நம் ஊர் வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான். வெயிலுக்கு இதமான தரையும் சுவரும் ஓசைக்கு இதமானவை அல்ல. பெட்டியிலிருந்து நேரே வரும் ஒலியும், தரையிலும் சுவரிலும் மோதித் திரும்பும் ஒலியும் கலந்து, சாகித்தியம் குழம்பிப் போகிறது. இதற்கென்று மேல்நாட்டில் விலை உயர்ந்த பலகைகள் செய்கிறார்கள். நம் வீட்டில் பரண்மேல் பவானி ஜமக்காளம் ஒன்று சும்மா கிடந்தது. அதை விரித்தோம். புத்தக அலமாரியை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம். ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டோம். வால் ஒலி போய்விட்டது. இந்தச் சீர்திருத்தத்துக்குச் செலவு திரைத் துணி மட்டுமே. பெட்டிகளுக்குக் கொடுத்த பதினோராயிரத்தில் பாதி இந்த ஜமக்காளத்தினால்தான் பலன் தந்தது என்று நாம் நம்புகிறோம்.

பெட்டிகளுக்கு நடுவே ஆறடி; பெட்டியிலிருந்து கேட்பவருக்கும் ஏறக்குறைய அவ்வளவே. மூலையில் ஒட்டி வைத்தால் கீழ் ஒலி ஊதிப் பெருக்கும். சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளியிருக்க வேண்டும். ட்வீட்டர் காது மட்டத்தில் இருப்பது நல்லது. இங்கே ஒரு வீட்டுப் பிரச்னை எழுந்தது. மேல்நாட்டார் நாற்காலியில் உட்காருவதை வைத்து இந்த விதியைச் சொல்கிறார்கள். நம் வீட்டில் பெரியவர் சாய்வு நாற்காலி; மற்றவர்கள் தரை. இரண்டு தாழ்வான முக்காலிகளின்மேல் பெட்டிகளை வைத்து, முன்புறம் சிறிது நிமிர்த்தினாற்போல் அடியில் மரச்சில்லுக் கொடுத்து, சமரசம் செய்துகொண்டோம்.

பிறகு ஓர் இரைச்சல். பாட்டு இல்லாத சமயத்திலும் 'ம்ம்' என்று மெல்லிய ரீங்காரம். நம் மின்சாரம் வினாடிக்கு 50 தடவை திசை மாறுகிறது. அதுவும் அதன் மடங்குகளும் பூமிக் கம்பி சரியில்லாத இடத்தில் ஸ்பீக்கரில் தலை காட்டும். 50 என்பது ஐந்து கட்டை ஸ்ருதிக்கு இரண்டு ஸ்தாயி கீழே, சற்று மேலேறினாற்போல் இருக்கும். ஐந்து கட்டையில் பாடுகிற பெண்மணிகளுக்கு மின்சார இலாகா இலவசமாகத் தம்பூராப் போட முன்வருகிறது. ஸ்ருதி மட்டும் சேரவில்லை! எல்லாச் சாதனங்களையும் பூமிக் கம்பியுள்ள ஒரே பலகையில் செருகியவுடன் அது நின்றது.

இவ்வளவும் ஆன பிறகு தகப்பனார் தம் அறையிலிருந்து தகரப் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தார். அதில் 112 காஸெட்டுகள். எண்பதுகளில் ரேடியோவில் கச்சேரி வரும்போதெல்லாம், ரேடியோவுக்கு எதிரே டேப் ரிக்கார்டரை வைத்து அவர் பிடித்தவை. ரிக்கார்டரின் ரப்பர் வாரை மாற்றி, ஆம்ப்ளிபையரில் செருகி, 1983 என்று பென்ஸிலில் எழுதியிருந்த ஒன்றைப் போட்டோம். இதே நாடாவை ஹோம் தியேட்டரிலும் ஒரு தடவை போட்டது உண்டு. அப்போது கேட்டது 'தும் தும்' என்னும் முழக்கமும் அதன்மேல் ஓர் இரைச்சலுந்தான்.

இப்போது பாட்டு கேட்டது. பாட்டுக்குப் பின்னால் காகம் கரைந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். ராக ஆலாபனை முடிந்து வயலின் தொடங்கின இடத்தில், வெகு தூரத்திலிருந்து, சமையலறைப் பக்கமிருந்து, "பால் பொங்குகிறது, யாராவது பாருங்களேன்" என்று ஒரு குரல் கேட்டது.

நம் தாயார் 2015இல் காலமானார். அவருடைய குரலை யாரும் தனியே பதிவு செய்து வைத்ததில்லை. பெண் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து, "பாட்டியா?" என்றாள். தகப்பனார் பதில் சொல்லவில்லை. கையைச் சுழற்றி, பின்னால் சுற்றிப் போடும்படி ஜாடை காட்டினார். மூன்று தடவை போட்டோம். நாலாம் தடவை, "போதும், நாடா தேய்ந்துவிடும். வயலின் போகட்டும்" என்றார்.

அன்று முதல் வாரத்தில் இரண்டு நாள் மாலையில் கூடத்தில் கச்சேரி. மின் விசிறியை நிறுத்துவதா கூடாதா என்பதில் மட்டும் தினம் ஒரு தகராறு. ராகத்துக்கு நிறுத்துவது, தனி ஆவர்த்தனத்துக்குப் போட்டுக்கொள்வது என்று ஒருவாறு உடன்படிக்கை ஆகியிருக்கிறது. 112 காஸெட்டுகளில் இதுவரையில் 31 கேட்டாகிவிட்டது. கேட்கக் கேட்க ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வருகிறோம். நாடாக்களுக்கு இனி அதிக ஆயுள் இல்லை. என்ன ராகம், எந்த வருஷம், வேறு என்ன கேட்டது என்பதையெல்லாம் பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறாள்.